கீழ்நோக்கி வளர்ந்த பேரரசுகள்

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் எங்கள் ரயிலில் கைக்குட்டைக்கும் மனிதருக்கும் ஒரே மரியாதைதான். சீட்டில் கைக்குட்டை கிடந்தால் அங்கே ஆள் இருப்பதாக அர்த்தம். அந்த ஆள் அந்த நேரத்தில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கலாம். அது யாருக்கும் ஒரு பொருட்டில்லை. விவரம் தெரியாத வெளியூர்க்காரர் யாராவது கைக்குட்டையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தால், பெட்டி மொத்தமும் திரும்பிப் பார்க்கிற பார்வையில் அவரே எழுந்துவிடுவார். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் கே.ஜி.எஃப்.பில், அதாவது கோலார் தங்கவயலில், பாதிப்பேருக்குச் சோறு போடுவது இந்த ரயில்தான். அதனால் அதற்குள் நடக்கும் நியாய அநியாயங்களில் நாங்கள் ரொம்பக் கண்டிப்பு.

எங்கள் வரிசையில் மூன்று பேர். முதல் ஆள், பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கும் அக்கா. ஆண்டர்சன்பேட்டையில் வீடு. வீட்டில் உருது, வெளியே தமிழ், வார்டில் கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு. அவர் மாரிகுப்பத்தில் ஏறி மூன்று பேருக்கும் இடம் பிடிப்பார். இரண்டாவது, ஒயிட்ஃபீல்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். கோரமண்டலில் ஏறுவார். ஏறுவதற்கு முன் அவருடைய மீசை ஏறும், அத்தனை பெரியது. அவருக்காகத்தான் அந்தக் கைக்குட்டை. மூன்றாவது நான். ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த அப்பாவோடு இருக்கிறேன். கிருஷ்ணராஜபுரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன்.

சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், தற்காலிகமாக. மார்ச் மாதம் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள், ஜூன் மாதம் போன் செய்து கூப்பிடுவார்கள். நடுவில் வரும் ஏப்ரலும் மேயும் எனக்கு ஆகாத மாதங்கள். அப்போது என்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகளைக் கேட்டால் என் வாய் எப்படிப்பட்டது என்று சொல்வார்கள்.

போன வருஷம் பள்ளியில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனிமேல் தற்காலிக ஆசிரியர்களே கிடையாது; வரலாற்றுக்கு ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம்; விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் எட்டாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும். தேறினால் நிரந்தரம். இல்லையென்றால் ஜூனில் போன் வராது. இத்தனை வருஷம் அதே பள்ளியில் தொண்டை கிழியக் கத்தியவள் நான், என்னையும் புதிதாக வருகிறவர்களோடு வரிசையில் நிறுத்தினார்கள். கோபத்தில் இரண்டு நாள் பிரின்சிபால் அம்மாவுக்குக் குட்மார்னிங் சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது இன்னொரு கோபம்.

எனக்கு விழுந்த தலைப்பு இஸ்லாமியப் பேரரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும். துருக்கியில் ஒட்டோமான்கள், ஈரானில் சஃபாவித்கள், இங்கே முகலாயர்கள். பல நூறு வருஷத்துச் சமாசாரம், ஒரே பீரியட்.

ரயிலில் சொன்னேன். அக்கா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா டீச்சர், எங்க ராஜாங்களப் பத்தியா? ஒழுங்கா சொல்லணும், ஆமா."

"உங்க ராஜாவா?" என்றார் மீசை அண்ணன். "உங்கப்பா எங்கப்பாவோட ஒண்ணா சுரங்கத்துல டிரில் ஓட்டினவரு. எப்பக்கா ராஜா ஆனாரு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். தில்லி சிம்மாசனத்துல எனக்கு ஒரு ஓரம் உட்டிருந்தாங்கன்னா நான் இன்னாத்துக்கு இந்த ரயில்ல இடிபட்டுக்கினு கீறேன்?"

பெட்டி சிரித்தது. அன்று தொடங்கியது எங்கள் ஒத்திகை. மீசையின் காரணமாக அண்ணன் ஒட்டோமான் ஆனார். அதில் போட்டியே இல்லை. அக்கா பட்டும் கம்பளமும் எங்கே அதிகம் என்று கேட்டு, ஈரான் என்றதும் சஃபாவித்தை எடுத்துக்கொண்டார். முகலாயர்கள் மிச்சம், அதாவது நான். தினமும் பங்காருப்பேட்டை தாண்டியதும் பாடம் ஆரம்பிக்கும்.

மூன்று பேருமே சின்னதாகத்தான் தொடங்கினார்கள் என்றேன். ஒட்டோமான்கள் ஒரு மூலையில் இருந்த குறுநிலத் தலைவர்கள். பீரங்கியால் மதிலை உடைத்து, இன்று இஸ்தான்புல் என்கிற நகரத்துக்குள் நுழைந்தார்கள். சஃபாவித்கள் சூஃபி ஞானிகளின் வம்சம்; அவர்களுடைய முதல் அரசன் மீசை அரும்பாத வயதில் பட்டத்துக்கு வந்தான். முகலாயரில் முதல்வர் சொந்த ஊரை எதிரியிடம் இழந்துவிட்டு, பிழைக்க வழி தேடி இந்தப் பக்கம் வந்தவர். மூவரையும் தூக்கிவிட்டது வெடிமருந்து.

"வெடிமருந்தா?" அண்ணனுக்குக் கண் விரிந்தது. "அடடே, நம்ம ஆளுங்களும் அத வெச்சுதானே பொழச்சாங்க! பாறையில ஓட்டை போட்டு, மருந்து கெட்டிச்சு, டமால். அப்போ நாமளும் பேரரசுதான்."

எனக்கு அது பிடித்துப்போனது. மனதில் ஒரு ஓரத்தில் அது உட்கார்ந்துகொண்டதுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம்.

அடுத்த நாள் வாரிசுச் சண்டைக்கு வந்தோம். மூத்த பிள்ளைக்குத்தான் பட்டம் என்று இவர்களிடம் உறுதியான வழக்கம் இல்லை என்று சொன்னேன். அப்பன் கண்ணை மூடினால், சில இடங்களில் மூடுவதற்கு முன்பே, பிள்ளைகள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிப்பார்கள். பிற்காலத்து ஒட்டோமான்கள் இளவரசர்களை அரண்மனைக்குள்ளேயே பூட்டி வைத்தார்கள். கதவு திறந்து சுல்தானாக வெளியே வந்தவனுக்கு வெளியுலகம் எப்படி இருக்கும் என்பதே தெரியாது. அண்ணன் தன் சாம்ராஜ்யத்துக்கு இப்படி ஒரு கேடா என்று நொந்துபோய்விட்டார்.

அக்கா அமைதியாகச் சொன்னார். "ஒரு கைக்குட்டை போட்டு வெச்சிருந்தா இந்த வம்பே இல்ல."

பக்கத்து வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து சிரித்தார். நான் அதைப் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். ஊர் உலகத்து வரலாற்றாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, வீட்டுத் தரையில் சார்ட் பேப்பரை விரித்தேன். மேலே குறுக்கே ஒரு கோடு. அதிலிருந்து கீழே மூன்று பட்டைகள்: பச்சை ஒட்டோமானுக்கு, நீலம் சஃபாவித்துக்கு, காவிச் சிவப்பு முகலாயருக்கு. இறங்க இறங்க ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் கிளைகள்: பிடித்த நாடுகள், கட்டிய மசூதிகள், தோட்டங்கள், ஓவியம், கம்பளம். அடியில் தங்க நிறத்தில் அவர்களுடைய உச்சக் காலம். அங்கிருந்து அம்புக்குறி மேல்நோக்கிப் போய், தொடங்கிய கோட்டிலேயே முடியும். டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, விளம்பரம் வந்தபோது எட்டிப் பார்த்தார்.

"பச்சை ஷாஃப்ட் ரொம்ப ஆழம் போகுதே" என்றார். விளம்பரம் முடிந்தது, திரும்பிவிட்டார்.

திங்கட்கிழமை ரயிலில் அண்ணன் சார்ட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "இங்க எறங்கறாங்க. இங்க எடுக்கறாங்க. இங்க நல்லா செழிப்பா கீறாங்க. அப்பறம் மேல ஏறிட்றாங்க, முடிஞ்சுது. அழகா புரியுது டீச்சர்." போவோர் வருவோரெல்லாம் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். டிக்கெட் பரிசோதகர் மட்டும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அவர் மைசூர்க்காரர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பாடம் நடத்திக் காட்டும் நாள் வந்தது. கடைசி பெஞ்சில் பிரின்சிபால் அம்மாவும், வெளியிலிருந்து வந்திருந்த ஓர் ஆணும் பெண்ணுமாக இரண்டு பேராசிரியர்களும். சார்ட்டைக் கரும்பலகையில் ஒட்டினேன்.  எழுச்சி என்று ஆரம்பித்து, குச்சியை மேல் கோட்டில் வைத்துக் கீழே இழுத்தேன்.

முதல் பெஞ்சுப் பெண் கை தூக்கினாள். "மிஸ், சார்ட் தலைகீழா மாட்டிட்டீங்க."

திரும்பிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் நேராக இருந்தது. "இல்லையேம்மா, சரியாத்தானே இருக்கு?"

"எழுத்து சரியா இருக்கு மிஸ். பேரரசுதான் தலைகீழா இருக்கு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரின்சிபால் அம்மா எனக்கு உதவுவதாக நினைத்து எழுந்து வந்து, ஒட்டியிருந்த டேப்பை உரித்து, சார்ட்டைத் திருப்பி மாட்டிவிட்டுப் போனார். இப்போது அம்பெல்லாம் அவர்களுக்குச் சரி. இஸ்தான்புல் தலைகீழாகத் தொங்கியது. தில்லி, சஃபாவித்களின் தலைநகர் இஸ்பஹான் எல்லாம் வௌவால் மாதிரி. ஆண் பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டார். போயிற்று, ஜூனில் போன் வராது என்று நினைத்தேன். அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது: வளர்வது என்றால் மேலே போவது என்று இவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா, அக்கா, அண்ணன், ஒரு பெட்டி ஜனம், எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

எனக்கு ஒரு ராசி. கோபம் வந்தால் பயம் போய்விடும். இந்த முறை கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியாது, ஆனால் வந்தது. சார்ட்டை உரித்து, பழையபடியே மாட்டினேன்.

"இதுதான் சரி" என்றேன். "நான் கே.ஜி.எஃப்."

வகுப்பில் ஒரே விசில். அந்தப் பெயரில் சினிமா வந்த பிறகு பெங்களூரில் அதற்குத் தனி மவுசு. சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எங்க ஊர்ல யாரும் மேல ஏறிப் பெரிய ஆள் ஆகல. மேல இருக்கறது வெறும் மண்ணு. கேஜ்னு ஒரு இரும்புக் கூண்டு, அதுல நின்னு ஷாஃப்ட்ங்கற நேர்க்குழி வழியா பூமிக்குள்ள இறங்கணும். ஒவ்வொரு ஆழத்துக்கும் லெவல்னு பேரு. எவ்வளவு கீழ போறீங்களோ அவ்வளவு தங்கம், அவ்வளவு சம்பளம், அவ்வளவு பெருமை. மேல வந்துட்டா அன்னிக்கு வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்ச பேரரசு அப்படித்தான் வளர்ந்துச்சு. அதான் இப்படி வரைஞ்சேன்."

பிறகு குச்சி தானாக ஓடியது. வெடிமருந்தில் பாறை பிளந்ததையும் மதில் பிளந்ததையும் சேர்த்துச் சொன்னேன். கைக்குட்டையைச் சொன்னேன், பெண் பேராசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முகலாயர்கள் தெற்கே தெற்கே என்று போய், நாடு மிகப் பெரிதாக இருந்த காலத்திலேயே படைக்கும் முற்றுகைக்கும் செலவழித்துத் தேய்ந்ததைச் சொன்னேன். எங்கள் சுரங்கமும் அப்படித்தான், உலகத்து ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பேர் வாங்கியது. அந்த ஆழத்திலிருந்து தங்கத்தை மேலே கொண்டுவரத் தங்கத்தின் விலையைவிட அதிகம் செலவானது. அதனால் வீழ்ச்சி மேலே தொடங்கவில்லை, இதோ இந்தத் தங்க நிறத்தில்தான் தொடங்குகிறது என்று அடிப்பகுதியைத் தட்டினேன். பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

அந்த முதல் பெஞ்சுப் பெண் மறுபடி கை தூக்கினாள். "மிஸ், முடியப்போகுதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. நான் ஒத்திகை பார்க்காத ஒன்றைச் சொன்னேன்.

"எங்கப்பா அதே சுரங்கத்துல வேலை செஞ்சவரு. மூடப்போறாங்க, மூடப்போறாங்கன்னு வருஷக்கணக்கா பேச்சு. கேட்டுக் கேட்டே யாரும் நம்பல. கடைசி ஷிஃப்ட் முடிச்சு வீட்டுக்கு வந்தாரு. எப்பவும் போலச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினாரு, துடைச்சாரு, மறுநாள் ஷிஃப்டுக்காக அடுப்பு மேடையில கவுத்து வெச்சாரு. மறுநாள் ஷிஃப்ட் இல்ல. அதுக்கப்புறமும் இல்ல. எங்கம்மா ரொம்ப நாள் அந்த டப்பாவை அங்கேர்ந்து எடுக்கல. இஸ்பஹான் விழுந்த வருஷமும் யாரோ ஒருத்தர் கம்பளத்துக்கு அடுத்த வரிசை நூலை எடுத்து வெச்சிட்டுத்தான் தூங்கப் போயிருப்பாரு. பேரரசு முடியறது ராஜாவுக்கே கடைசியாத்தான் தெரியும். மத்தவங்களுக்கு அன்னிக்கு ஒரு சாதாரண நாள்."

மணி அடித்தது. ஒரு பிள்ளையும் பையைத் தொடவில்லை.  சார்ட்டைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பி நின்றேன்.

முடிவு வர நாளானது. ரயிலில் அக்கா தினமும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அண்ணன் தன்னால்தான் கெட்டது, அந்த வெடிமருந்துப் பேச்சை எடுத்திருக்கக் கூடாது என்று மீசையை இழுத்துக்கொண்டே இருந்தார். அவரைத் தேற்றுவதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பிரின்சிபால் அம்மா கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பணி நியமன ஆணை. ஆண் பேராசிரியர் சார்ட் தவறு என்றாராம். பெண் பேராசிரியர் போகும்போது அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாராம். "எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க இன்னும் அதையே பேசிட்டிருக்காங்க" என்றார். "அன்னிக்கு நான் திருப்பி மாட்டினது தப்பு. அதை வரலாற்று ரூம் சுவத்துல மாட்டிடுங்க. நீங்க மாட்டினபடியே." நான் அவருக்கு வாய் நிறைய குட்மார்னிங் சொன்னேன். அப்போது மணி மாலை நாலு.

திரும்பும் ரயிலில் காகிதத்தை அக்கா கையில் கொடுத்தேன். படித்ததும் நாலு மொழியிலும் கத்தினார். அண்ணன் எழுந்து நின்று, பெட்டிக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார்: "டீச்சரம்மா பர்மனன்ட் ஆயிட்டாங்க!" முன்பின் தெரியாதவர்களெல்லாம் கை தட்டினார்கள். சார்ட்டைப் பார்த்திருந்த, ரயிலில் பாடிப் பிழைக்கும் ஒரு பாட்டுக்காரர் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களைப் பற்றி இரண்டு வரி கட்டிப் பாடியே விட்டார்.

"ரொம்ப ஆடாதே" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முகலாயருங்களும் பர்மனன்ட்டுன்னுதான் நெனச்சாங்க."

"அவங்களுக்கு யூனியன் இல்லையேக்கா" என்றார் அண்ணன்.

பங்காருப்பேட்டையில் வண்டி நின்றது. பானி பூரி சாப்பிடாமல் இந்த ஊரைத் தாண்டுவது பாவம் என்று அக்கா இறங்கினார். அவரை ஏற்ற அண்ணன் இறங்கினார். இருவரையும் ஏற்ற நான் இறங்கினேன். கைக்குட்டை மட்டும் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கோரமண்டல் வழியாக மாரிகுப்பம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் கண்ணில் நீர் வர பானி பூரி தின்றுவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக ஊர் வந்தோம்.

வீட்டில் அப்பா டிவி முன்னால் இருந்தார்.

"பர்மனன்ட் ஆயிடுச்சுப்பா."

அவர் டிவியை அணைத்தார். சீரியல் நடுவில் அவர் அணைத்து நான் பார்த்ததில்லை. "பி.எஃப். புடிப்பாங்களா?" என்றார். பிடிப்பார்கள் என்றேன். "மெடிக்கல்?" உண்டு என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வகுப்பில் அவரைப் பற்றிப் பேசியதை நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சனிக்கிழமை அரை நாள் பள்ளி உண்டு, படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது அவர் எனக்கு முன்பே எழுந்து புளிசாதம் கிளறியிருந்தார். என் பிளாஸ்டிக் டப்பாவைத் தேடினேன், காணவில்லை. அடுப்பு மேடையில் அவருடைய பழைய அலுமினிய டப்பா இருந்தது. கேஜில் இடித்து மூடியில் விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. மற்றபடி புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கழுவித் துடைத்து, சாதம் நிரப்பி மூடியிருந்தார்.

"அன்னிக்கே கழுவி வெச்சது" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். "எடு, ஷிஃப்டுக்கு நேரமாச்சு."